கால் எட்டும் உயரம்

யாங்கோன் விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த அதிகாரி, வேட்டிக்குள் சுருட்டி வைத்திருந்த இரும்பு உருளையை எடுத்துக் காதருகே கொண்டுபோனார். உள்ளங்கைக்கு அடங்காத கனம். அதன் முகத்தில் ஒரு திருகு. திருகினார். 'டக்' என்று விழுந்தது. திருப்பித் திருகினார். 'டக்.' எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. அவரோ பூட்டைக் கண்ட குழந்தையைப் போல அதிலேயே லயித்துவிட்டார்.

"வெடிக்குமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

காற்றில் ஒரு சக்கரம் வரைந்தேன். அதன் கீழே சேறு வரைந்தேன். சேற்றில் புதைந்து நிற்கும் வண்டியையும் அதை இழுத்துத் தோற்ற என் முகத்தையும் வரைந்தேன். சிரித்துவிட்டார். உருளைக்கு ஜோடி ஒன்று இருந்தது. இரண்டையும் அவரே வேட்டியில் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்தார்.

நான்கு சக்கரமும் இழுக்கிற பழைய வண்டிகளில் முன்சக்கரங்களை எஞ்சினோடு பூட்டும் ஹப் அது. ஓட்டுபவர் இறங்கி, சேற்றில் கால் வைத்து, குனிந்து கையால் திருகினால்தான் பூட்டும். சென்னையில் பழைய ஜீப்புகளுக்கு உயிர் கொடுக்கும் நண்பர் ஒருவர் தேடிப் பிடித்துக் கொடுத்தார். கவிதை எழுதுகிறவன் கையில் எவ்வளவோ கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். இரும்பை நம்பிக் கொடுத்தது இதுதான் முதல் முறை.

எந்தப் பழைய வண்டி வாங்கினாலும் இது அங்கே கிடைக்காது என்று கேட்டது செல்வி. என் அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை மகள், மூன்று தலைமுறையாக யாங்கோன்காரி. மருத்துவச்சி. அவள் கணவன் முருகேசனை ஊரே கோ மியோ, அதாவது மியோ அண்ணன், என்றுதான் கூப்பிடுகிறது. எனக்கு மாப்பிள்ளை. மாதத்தில் பத்து நாள் மலையடிவாரத்துக் கிராமங்களுக்குப் போய்ப் பிரசவம் பார்க்கிறாள் செல்வி. போன மழையில், நிறைமாசக்காரி ஒருத்தியை டிராக்டர் தொட்டியில் கிடத்திக் கொண்டுவந்தார்கள். பாதி வழியில் டிராக்டர் சேற்றில் அமிழ்ந்தது. தொட்டியிலேயே பிரசவம். குழந்தை பிழைத்தது. தாய், நகராத சக்கரத்தைப் பார்த்தபடியே போனாள்.

"அடுத்த மழைக்கு வண்டி இல்லேன்னா நான் அந்தப் பக்கம் போகமாட்டேண்ணே" என்று போனில் சொன்னாள். "போய் என்ன செய்ய? பக்கத்துல உக்காந்து கையப் புடிச்சுக்கவா?"

தெருவே சேர்ந்து வண்டிக்குப் பணம் திரட்டியிருந்தது. மழைக்கு இரண்டு வாரம்தான் இருந்தது.

*

யாங்கோனின் பசுந்தாங் பேட்டையில் செல்வியின் வீடு ஐந்தாம் மாடியில். லிப்ட் கிடையாது. ஆனால் ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தெருவரை ஒரு கயிறு தொங்குகிறது, நுனியில் ஒரு கிளிப். கீழே மொஹிங்கா விற்கும் அம்மா, பையைக் கிளிப்பில் மாட்டிக் கயிற்றை ஓர் ஆட்டு ஆட்டுகிறாள். மேலே மணி அடிக்கிறது. இழுத்தால் மீன் குழம்பும் அரிசிச் சேமியாவும் வாழைத்தண்டு வாசனையோடு ஆகாயத்தில் ஏறி வருகின்றன. அக்கம் பக்கத்துக் கயிறுகளில் செய்தித்தாளும் பால் பாக்கெட்டும் யாரோ மறந்துபோன சாவியும் ஏறின. காலை ஏழு மணிக்கு ஒரு தெரு முழுக்கக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிறது, தண்ணீர் இல்லாமல். பால்கனியிலேயே நின்றுவிட்டேன்.

"வாயத் தொறந்து வெச்சா சேமியா தானா உள்ள போகாது மச்சான்" என்றான் மியோ.

தெருவில் இறங்கியதும் அடுத்த வியப்பு. இந்த ஊரில் வண்டிகள் சாலையின் வலப்புறம் ஓடுகின்றன. ஆனால் முக்கால்வாசி வண்டிகளில் ஸ்டியரிங்கும் வலப்புறமே. எல்லாம் ஜப்பானிலிருந்து வந்த பழசு. எதிரே வருவது ஓட்டுபவருக்குத் தெரியாது, இடப்பக்கம் உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும். முந்திப் போக வேண்டுமென்றால் அவர் எட்டிப் பார்த்து "போ" என்று சொல்ல வேண்டும். மியோவின் வாடகை வேனில் பதினாறு வருஷமாக அந்த இடது சீட் செல்விக்கு. அன்று எனக்குக் கொடுத்தார்கள். ஒரு சிமெண்ட் லாரியின் பின்னால் கால் மணி நேரம் ஊர்ந்தோம்.

"போகலாமா மச்சான்?"

"இரு."

"இப்ப?"

"இரு, ஒரு பஸ் வருது."

"அது நிக்கிற பஸ்ஸுண்ணே" என்றது பின்சீட்டிலிருந்து செல்வியின் குரல். "மியோ, போ."

போனான். ஒருவர் கண்ணை இன்னொருவர் கால் நம்புகிற ஊர் என்று அன்று குறித்து வைத்தேன்.

*

இரண்டாம் நாள் வண்டி பார்க்கப் போனோம். மியோவுக்கு வேண்டியது சின்ன பிக்கப் அல்ல. ஆளை நீட்டிப் படுக்க வைக்கும் அளவு பின்பெட்டி உள்ள முழு நீள வண்டி. அந்த மாதிரி இங்கே மிகக் குறைவு.

முதல் வண்டி லைங் தாயாவில், ஒரு தையல் ஆலையின் பின்னால் நின்றது. ஷிப்ட் முடிந்து ஆலைப் பேருந்துகளுக்கு ஓடும் பெண்களின் நடுவே, நீலமாக, புதுப் பெயிண்டில், கல்யாண மாப்பிள்ளை போல. மியோ மயங்கிவிட்டான். பானெட்டைத் தடவினான். கண்ணாடியில் தலை சீவிக்கொண்டான்.

எங்களோடு வந்த மெக்கானிக் கோ தீஹா எதையும் தடவவில்லை. நாற்பது வயது, வாயில் வெற்றிலை. அம்மா தமிழ், அப்பா பர்மியர். நாம் பேசும் தமிழ் அத்தனையும் புரியும், பதில் மட்டும் பர்மியத்தில் வரும், மியோ பெயர்த்துச் சொல்வான். தீஹா லுங்கியை மடித்துக் கட்டி, சின்னச் சுத்தியலோடு வண்டிக்கு அடியில் ஊர்ந்தார். சேஸிஸைத் தட்டினார். டொப். இன்னோர் இடம். டொப். மூன்றாவது தட்டில் சுத்தியல் உள்ளேயே போய்விட்டது. வெளியே வந்தவர் உள்ளங்கையை விரித்தார். நீலப் பெயிண்ட் ஒட்டிய துரு, பொரி போல.

"கடல் பக்கத்தில் ஓடிய வண்டி. உப்பு தின்றிருக்கிறது" என்று பர்மியத்தில் சொல்லி வெற்றிலையைத் துப்பினார். "எஞ்சின் போனால் மாற்றலாம், கியர் போனால் மாற்றலாம். எலும்பை எங்கே போய் வாங்குவீர்கள்?"

அடுத்த வண்டி பார்க்க, நகரைச் சுற்றிவரும் வட்ட ரயிலில் இன்சீனுக்குப் போனோம். ஆள் நடக்கும் வேகம். கீரைக் கட்டுகள், கோழிக் கூடைகள், காடை முட்டை உரித்துத் தரும் பெண், எல்லாம் ஒரு கதவில் ஏறி மறு கதவில் இறங்கின. ரயில் நடுவழியில் நின்றது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எதிரில் இருந்த பெரியவர் என்னிடம் ஏதோ சொல்ல, மியோ மொழிபெயர்த்தான்: "நிக்கும்போது சாப்பிடு, ஓடும்போது தூங்குன்னு சொல்றார்." இரண்டு முட்டை சாப்பிட்டேன். ரயில் அப்போதும் ஓடவில்லை. இறங்கித் தண்டவாளத்தோடு நடந்தோம்.

ரயில்வே பட்டறைகளின் சுவரோரம், வேலிக்கொடி படர்ந்து, அது நின்றது.

அமெரிக்க வண்டி. முப்பது வயதுக்கு மேல் இருக்கும். எப்போதோ மண் ஆராய வந்தவர்கள் கொண்டுவந்து விட்டுப் போனதாம். நிறம் என்று எதையும் சொல்ல முடியாது. ஒரு விளக்கு இல்லை. பானெட்டைத் தூக்கினால் எஞ்சினுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இறங்கி நிற்கலாம், அவ்வளவு இடம். தீஹா அடியில் போனார். சுத்தியல் பட்டது.

ணங்.

நானும் மியோவும் குனிந்து காது கொடுத்தோம். முன்னிருந்து பின்வரை தட்டிக்கொண்டே போனார். ணங், ணங், ணங். கொடிக்குள்ளிருந்து ஒரு கோயில் மணி பேசுவது போல இருந்தது. இத்தனை மழை நனைந்தும் உள்ளே ஒரு நாதத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கிறதே.

மியோ பின்பெட்டியில் ஏறி மல்லாந்து படுத்தான். கையைத் தலைக்கு மேல் நீட்டினான். கால் பின்கதவைத் தொடவில்லை.

"இடம் இருக்கு மச்சான்" என்றான் வானத்தைப் பார்த்து. "பக்கத்துல செல்வி உக்காரவும் இருக்கு."

ஸ்டியரிங் இடப்பக்கம். அன்று மாலை அதைச் செல்வியிடம் சொன்னோம். "அப்ப இனிமே போறதுக்கும் நிக்கிறதுக்கும் என்னைய கேக்கவேண்டியதில்ல" என்றாள். மியோ தட்டில் இருந்த சோற்றைத் தீவிரமாகப் பிசைந்தான்.

*

அடுத்த நாட்கள் தீஹாவின் பட்டறையில். மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. போனால் ஸ்பானர் வேலை, தேநீர், அரட்டை. வந்தால் தெரு முழுவதும் ஒரே குரலில் "மீ லா பீ!" என்று கத்தும். கரண்ட் வந்தாச்சு! மேலே துணி காயப்போடும் பெண்ணும் கத்துவாள், எதிர் வீட்டுக் கிளியும் கத்தும். அந்தக் கத்தல் அடங்குவதற்குள் தீஹாவின் வெல்டிங் பொறி பறக்கும். வெளிச்சத்துக்குக் கை தட்டுகிற மனிதர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வேலை வளர்ந்தது. தீஹா கொஞ்சம் அராவியதும் முன்சக்கரத்தில் நான் கொண்டுவந்த ஹப் உட்கார்ந்தது. 'டக்.' தீஹா கண்ணை மூடிக் கேட்டார். எஞ்சினுக்கு அடியில் இரும்புத் தகடு. மூச்சுக்குழாயைத் தண்ணீருக்கு எட்டாமல் கூரைவரை தூக்கினார், யானை துதிக்கையைத் தூக்கிக்கொண்டு ஆறு கடப்பது போல. முன்னால் இரும்புக் கயிறு சுற்றி இழுக்கும் வின்ச், பின்னால் இழுகொக்கி.

பிறகு உயரம். அங்கேதான் எங்களுக்குப் பித்துப் பிடித்தது.

ஸ்பிரிங் பட்டைகளுக்கு அடியில் கட்டை கொடுத்து நான்கு அங்குலம் தூக்கினார். டீக்கடையிலிருந்து ஒருவர் வந்து பார்த்து, "இவ்வளவுதானா?" என்றார். ஆறு அங்குலம் ஆயிற்று. பெரிய டயர். இன்னும் பெரிய டயர். தெருவே வந்து ஆளுக்கொரு அங்குலம் சொல்லிவிட்டுப் போனது. நானும் சொன்னேன், மறைக்க மாட்டேன். அந்த வண்டி எழுந்து நிற்க நிற்க எனக்குள் ஏதோ எழுந்து நின்றது. எட்டாம் நாள் மாலை அதன் நிழல் எதிர்ச் சுவரில் இரண்டாம் மாடியைத் தொட்டது. நாங்கள் மூவரும் அண்ணாந்து நின்றோம். லுங்கியை மடித்துக் கட்டி, டயரில் கால் வைத்து, ஒருவர் பின் ஒருவராக ஏறி இறங்கினோம். கோபுரத்தில் குரங்குகள்.

மறுநாள் செல்வி வந்தாள். வேலை முடிந்து நேராக, தோளில் பை, கன்னத்தில் தனக்கா மரப்பட்டையை அரைத்த சந்தனம் காய்ந்திருந்தது, கணுக்கால்வரை இறுகச் சுற்றிய தமெய்ன். அது பெண்கள் உடுத்தும் லுங்கி. ஆனால் நாங்கள் கட்டுவதுபோல முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்ட முடியாது.

"அமலே!" என்றாள், வண்டியைப் பார்த்து. பர்மியத்தில் 'அம்மாடி'.

மியோவின் முகம் மலர்ந்தது. "ஏறிப் பாரு!"

அவள் கதவைத் திறந்தாள். படி அவள் இடுப்பருகே இருந்தது. வலது காலைத் தூக்கினாள். தமெய்ன் முழங்கால் உயரத்துக்கு மேல் விடவில்லை. இடது காலைத் தூக்கினாள். காலை இறக்கி, பின்பக்கம் நடந்து போனாள். பெட்டியின் தளம் அவள் தோளுக்கு இருந்தது. அதன்மேல் முகவாயை வைத்து, கிணற்றுக்குள் பார்ப்பது போல உள்ளே பார்த்தாள்.

"நிறைமாசக்காரி எப்படி ஏறுவா?"

மியோ பெட்டியின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தான்.

"நாங்க நாலு பேரு தூக்கி..." என்று தொடங்கினான் மியோ.

"தலைக்கு மேலயா?"

இந்த மண்ணில் தமெய்னுக்குக் கீழே எந்த ஆணும் தலை கொடுக்க மாட்டான். அது காயும் கொடிக்குக் கீழேகூட நடக்கமாட்டான், ஆணின் மகிமை இறங்கிவிடும் என்பார்கள். மூன்று நாள் முன்புதான், தீஹா வண்டிக்கு அடியில் இருந்தபோது பக்கத்து வீட்டு அம்மா சும்மா பெட்டியில் ஏறிப் பார்க்கப் போக, மனிதர் நண்டு மாதிரி வெளியே பாய்ந்து வந்தார். எல்லோரும் சிரித்தோம். சிரித்தவர்களில் ஒருவனுக்கும் இது தோன்றவில்லை.

"கிராமத்துல எந்த ஆம்பளை அவளைத் தலைக்கு மேல தூக்குவான், சொல்லு? ஏணி போடுவியா? வலியோட ஏணி ஏறுவாளா?" பிறகு தீஹாவிடம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை. நோயாளியிடம் கேட்பது போலக் கேட்டாள். "சேறு முதல்ல எதை முட்டும்?"

"அச்சை" என்றார் தீஹா. அன்றுதான் அவர் வாயிலிருந்து முதல் தமிழ்ச் சொல் கேட்டேன்.

"கட்டை வெச்சுத் தூக்கினதுல அச்சு மேல வந்துச்சா?"

தலையை ஆட்டினார். இல்லை. டயர்தான் அச்சைத் தூக்கும். கட்டை தூக்குவது உடம்பை மட்டும்.

"அப்ப இது யாருக்கு?"

கரண்ட் போயிற்று. நல்லதாயிற்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

வாசலில் மிச்சமிருந்த மங்கிய வெளிச்சத்தில் செல்வி முழங்காலை மடக்கித் தமெய்ன் விட்ட அளவுக்குப் பாதத்தைத் தூக்கிக் காட்டினாள். கன்னத்துச் சந்தனத்தை விரலால் ஈரமாக்கி வழித்து, கதவுக்கு முன்னால் மட்கார்டிலிருந்து தொங்கிய பட்டையில் அந்த உயரத்தில் ஒரு கோடு இழுத்தாள். "இதுக்கு மேல படி இருந்தா இது எனக்கு வண்டி இல்ல, கோ தீஹா. இந்த வருஷமும் நான் போகமாட்டேன்."

பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

*

பத்தாம் நாள் தீஹா பட்டறையைத் திறக்கவில்லை. டீக்கடையில் முக்காலியில் குந்தி, கோப்பை கோப்பையாகக் குடித்தார். மியோ போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான். நானும். வடக்கில் மேகம் கறுத்திருந்தது.

"ஆளுக்கொரு அங்குலம் சொன்னவங்க எங்க?" என்றான் மியோ. தெருவில் ஒருவரும் இல்லை.

"நீங்கள் ஓர் அங்குலம் சொன்னீர்கள்" என்று தீஹா என்னைப் பார்த்துப் பர்மியத்தில் சொல்ல, மொழிபெயர்ப்பு இல்லாமலே எனக்குப் புரிந்தது.

"ஒன்றரை" என்றேன்.

அவர் சிரித்தது அப்போதுதான். வெற்றிலைச் சாறு சட்டையில் தெறித்தது. எழுந்து போய்ப் பட்டறையைத் திறந்தார்.

கட்டைகளை உருவினார். டயரை ஓர் அளவு குறைத்து, அதற்கும் இடம் வேண்டுமே என்று மட்கார்டு விளிம்புகளை வெட்டினார், சந்தனக் கோட்டுக்குச் சேதமில்லாமல். தொங்கிய சைலன்சரை மடக்கி சேஸிஸுக்கு மேலே ஏற்றினார். கதவருகே ஒரு படி, கோட்டுக்கு நேரே. பின்கதவில் மடித்து இறக்கும் இரண்டு படிகள், பழைய ரயில் பெட்டியின் தேக்குப் பலகையில். இரண்டரை நாள் வேலை. முதலில் செய்த வேலை அத்தனையையும் விட எனக்கு இதுவே அற்புதமாகப் பட்டது. பெருமையாக எழுப்பிய ஒன்றை ஒரு மனிதர் தன் கையாலேயே இறக்குகிறார், ஒவ்வொரு போல்ட்டாக, முணுமுணுப்பில்லாமல்.

பதின்மூன்றாம் நாள் மழை கொட்டியது. பதினான்காம் நாள் லைங் தாயாவுக்கு அப்பால், வயலும் ஓடையும் கலந்த வெளியில் சோதனை. செல்வியின் நிபந்தனை ஒன்றே. பின்பெட்டியில் ஸ்ட்ரெச்சர் போட்டுத் தன்னையே கட்டச் சொன்னாள். "நான் நோயாளி. நோயாளி நடுவுல எறங்கமாட்டா."

டயரில் காற்றைப் பாதி இறக்கினோம். நான் இறங்கி, சேற்றில் முழங்கால் வரை நின்று, ஹப்பைத் திருகினேன். 'டக்.' 'டக்.' கடல் தாண்டி வந்த இரண்டு சொற்கள்.

அந்தக் கிழட்டு மிருகம் போனது. ஓடையை மார்பால் தள்ளிக்கொண்டு, துதிக்கையால் மூச்சு வாங்கிக்கொண்டு, அவசரமே இல்லாமல் போனது. எருமைகள் தலை தூக்கிப் பார்த்தன. மறுகரை ஏறும் இடத்தில் பின்பக்கம் சரிந்து, ஏதோ ஒரு மரத்தண்டு அச்சுக்கும் தகட்டுக்கும் நடுவே சொருகிக்கொண்டது. சக்கரம் சுழன்றது. வண்டி நின்றது. மழை மறுபடி பிடித்தது.

மியோ ஸ்டியரிங்கை விடவில்லை. அவன் கண் பின்கண்ணாடியில் இருந்தது. போன மழை அவன் கண்ணுக்குள் வந்துவிட்டதை நான் பார்த்தேன்.

வின்ச்சால் இழுத்தால் தண்டு இன்னும் இறுகும், யாராவது அடியில் போக வேண்டும். மண்வெட்டியோடு நான் குனிந்தேன். எது அச்சு, எது குழாய் என்று எனக்கென்ன தெரியும்.

"நான் எறங்கிக்கறேன்" என்று பெட்டியிலிருந்து செல்வி சொன்னாள். அவள் எதைச் சொல்கிறாள் என்று எல்லோருக்கும் தெரியும்.

தீஹா பெட்டியைப் பார்த்தார். அதன் கீழே இருந்த சேற்றைப் பார்த்தார். வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பினார்.

"அசையாதீங்க அக்கா" என்றார், தமிழில்.

ரம்பத்தோடு மல்லாந்து, தலை முதலாக, அவளுக்கு நேர் கீழே போனார். ரம்பத்தின் சத்தம் மட்டும் கேட்டது. வண்டி ஒரு முறை பெருமூச்சு விட்டது போல அசைந்தது. அவர் வெளியே வந்தபோது கண் இரண்டைத் தவிர எல்லாம் சேறு. கையில் இரண்டு துண்டாகத் தண்டு.

"மியோ, போ" என்றாள் செல்வி, படுத்தபடியே.

போனான்.

*

கடைசி நாள், பெகு சாலையில் ஓர் ஆலமரத்தடி நாட் கோயிலுக்குப் போனோம். நாட் என்பது காவல் தேவதை. புது வண்டி எடுத்தவர் யாரானாலும் இங்கே கொண்டுவந்து தேவதைக்கு முன் நிறுத்துவார்கள். நாம் விழுந்து கும்பிடுவதுபோல, வண்டி கும்பிட வேண்டும். முன்னே ஓர் அடி, பின்னே ஓர் அடி, மூன்று முறை. மியோ தன் பங்குக்குச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழமும் வைத்திருந்தான். பளபளக்கும் கார்களின் வரிசையில் எங்கள் கிழவன் முறை வந்தது. மூக்கைத் தாழ்த்தி எழுந்தான். ஒன்று. இரண்டு. மூன்று. எலுமிச்சை நசுங்கிய வாசனை எழுந்தது. வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அப்போதுதான் மட்கார்டுப் பட்டையைக் கவனித்தேன். மழை சந்தனத்தைக் கழுவியிருந்தது. கோடு மட்டும் இருந்தது. அதன்மேலேயே யாரோ மஞ்சள் பெயிண்டில் இழுத்திருந்தார்கள். தீஹா வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்.

வண்டிகளுக்குப் பூவும் தளிரும் கட்டி விற்கும் பெண் ஒருத்தி அருகில் வந்தாள். வயிறு நிறைந்திருந்தது, எட்டு மாதம் இருக்கும். கண்ணாடியில் கொத்தைக் கட்டிவிட்டு, வண்டியை மேலும் கீழும் பார்த்து ஏதோ கேட்டாள். இது என்ன வண்டி என்று கேட்டிருப்பாள். செல்வி பதில் சொல்லவில்லை. பின்பக்கம் போய்த் தேக்குப் படிகளை இறக்கினாள். உள்ளே கையைக் காட்டினாள்.

அந்தப் பெண் சிரித்தாள். கூடையைக் கீழே வைத்தாள். மியோ உதவிக்கு ஓடினான். தீஹா அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

தமெய்னின் மடிப்பை விரல் நுனியால் கொஞ்சம் தளர்த்திக்கொண்டாள். ஒரு படி. இன்னொரு படி. பெட்டிக்குள் போய், பக்கவாட்டில் மெல்ல உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, "அமலே" என்று மூச்சு விட்டாள்.

ஏறியபோது அவள் யார் கையையும் பிடிக்கவில்லை.